கார் சூடேறினால்: அறிகுறி வாரியாகப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

‘வண்டி ஹீட் ஆகிறது’ என்று வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது ஆகிறது என்பதுதான். சிக்னலில் நிற்கும்போதா, மலை ஏறும்போதா, வீட்டிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்திலா, கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்த பிறகா? டாஷ்போர்டில் எரிவது ஒரே சிவப்பு விளக்காக இருந்தாலும், இந்த நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு; செலவும் சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் ரூபாய் வரை மாறும். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது, தெர்மோஸ்டாட்டை (இஞ்சின் சூடான பிறகே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிப் போடுவது, ஃபேனை ‘டைரக்ட்’ செய்து விடுவது என்ற மூன்று கைவைத்தியங்களில் ஒன்றைச் செய்து அனுப்பும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதனால்தான் ஒரே வண்டி ஒவ்வொரு கோடையிலும் அதே குறையோடு திரும்பி வருகிறது.

கீழே உள்ள தலைப்புகள் அறிகுறிப்படி பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத சோதனை முதலிலும் பெரிய செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

சாலையில் செல்லும்போதே விளக்கு எரிந்தால்

பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஏசியையும் இஞ்சினையும் அணைத்துவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, அதுவரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணம்தான் கிழிந்துபோன ஒரு ரப்பர் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய பழுதை இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைவதில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நெரிசலின் நடுவே உடனே ஒதுங்க முடியாமல் போனால், ஹீட்டரை முழு வெப்பத்திலும் புளோயரை முழு வேகத்திலும் வைத்துச் சன்னல்களைத் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது வேதனைதான் என்றாலும், இஞ்சினின் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும்.

பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தால், அது அடங்கும் வரை பானெட்டைத் திறக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியையோ, அழுத்தம் தாங்கும் கூலன்ட் டேங்கின் மூடியையோ சூட்டில் திறப்பது அதைவிட ஆபத்தானது. அமைப்பு முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால், உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; மூடியைத் திருகிய அந்தக் கணத்தில் அழுத்தம் விடுபட்டு, கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸைத் தடித்த துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். அது கல்லாக இறுகியிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் மூடியின் மீது துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம். இஞ்சின் ஆறும் முன் குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும்.

கூலன்ட் கைவசம் இல்லாதபோது பாட்டில் குடிநீரை ஊற்றிப் பட்டறை வரை செல்வதில் தவறில்லை. போர்வெல் தண்ணீரை மட்டும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்துவிட்டால் பிறகு எளிதில் வெளியேறாது.

பொறியியல் எதுவும் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கூலன்ட் முழுவதும் கொட்டிப் போய்விட்டால், வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறுமையில் நிற்கும். அப்போது மேலே ஏறிய வெப்ப அளவு முள் திடீரென்று கீழே இறங்கிவிடலாம். அதைப் பார்த்து, சூடு தணிந்துவிட்டது என்று நம்பி ஓட்டியவர்களின் இஞ்சின்கள் சிக்கிப் போயிருக்கின்றன. இப்போது வரும் பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், வரம்பு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கும் மட்டுமே எரியும். முள் உள்ள வண்டிகளிலும் அது நடுவில் நிற்பதற்கான வெப்ப வரம்பு மிக அகலமானது என்பதால், நடுவைத் தாண்டி முள் நகரத் தொடங்கியதே தாமதமான எச்சரிக்கைதான்.

அறிகுறி 1: நெரிசலில் நின்றால் சூடேறுகிறது, ஓடத் தொடங்கினால் தணிகிறது

இது பெரும்பாலும் ஃபேன் கோளாறு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது.

இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். மின்சார ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில், ஏசி போட்ட சிறிது நேரத்திற்குள் ஃபேன் சுழலத் தொடங்க வேண்டும்.

ஏசி போட்டால் சுழல்கிறது, ஆனால் இஞ்சின் சூடேறும்போது தானாகச் சுழலவில்லை என்றால், மோட்டார் நன்றாக இருக்கிறது. கூலன்ட் வெப்ப சென்சார், அதற்குச் செல்லும் வயர், அதன் கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் இரவில் வெளியே நிற்கும் வண்டிகளில் எலி வயரைக் கடித்துவிடுவது மிகச் சாதாரணம் என்பதால், சென்சாரை மாற்றுவதற்கு முன் வயரின் முழு நீளத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டிலும் சுழலவில்லை என்றால் ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபேனுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்சான ரிலேயைக் கழற்றி, அதே பெட்டியில் உள்ள அதே எண் கொண்ட வேறொரு ரிலேயோடு, பெரும்பாலும் ஹாரனுடையதோடு, இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். இப்போது ஃபேன் ஓடி ஹாரன் அடிக்காமல் போனால் பழுது எதில் என்பது தெரிந்துவிட்டது. ரிலேயும் நன்றாக இருந்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி. சில கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துவிட்டால், வெப்பம் உச்சத்துக்குப் போன பிறகே ஃபேன் பெரிய இரைச்சலோடு ஓடத் தொடங்கும்.

சோதிக்கும்போது கை, துப்பட்டா, சட்டைத் தொங்கல் எதுவும் ஃபேன் அருகே போகக் கூடாது. பல வண்டிகளில் இஞ்சினை அணைத்த பிறகும் அது தானாகச் சுழலும்.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஃபேன் இஞ்சினோடு இணைந்து பெல்ட்டால் சுழலும். அங்கே பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். சில பெரிய டீசல் வண்டிகளில் சூட்டுக்கு ஏற்ப ஃபேனை இஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். சூடான இஞ்சினை அணைத்து, ஃபேன் இறக்கையைக் கையால் சுழற்றும்போது அது எதிர்ப்பில்லாமல் பல சுற்று சுற்றினால் கப்ளிங் போய்விட்டது.

ஃபேனை ‘டைரக்ட்’ செய்வது, அதாவது சாவி போட்டதும் எந்நேரமும் சுழலும்படி வயரிங்கை மாற்றுவது, பட்டறை வரை போய்ச் சேர ஏற்றுக்கொள்ளத்தக்க உபாயம். அதையே நிரந்தரத் தீர்வாக விட்டுவிட்டால் மோட்டார் விரைவில் தேயும். மூலப் பழுது சென்சாரில் இருந்தால், இஞ்சினின் கணினி தவறான வெப்ப அளவை நம்பிப் பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும்.

அறிகுறி 2: நெரிசலில் தொல்லை இல்லை, நெடுஞ்சாலையிலும் மலையிலும் சூடேறுகிறது

இங்கே ஃபேன் மீது சந்தேகம் குறைவு. இஞ்சின் அதிகமாக உழைக்கும்போது உண்டாகும் வெப்பத்தை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை என்பதே இதன் பொருள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலும் சமவெளியில் வெளிப்படாத குறைகள் வெளிப்பட்டுவிடும்.

முதலில் வண்டி குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். டேங்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். ரேடியேட்டரில் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பார்க்க வேண்டும், ஏனெனில் டேங்க் நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பது நடக்கக்கூடியது.

அடுத்து, முன்பக்கத்துக் காற்றோட்டம். ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேறு, பூச்சி, வைக்கோல் தூசி அடைத்திருக்கும். குறைந்த வேகத் தண்ணீரால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபட்டுவிடும். முன் கிரில்லை மறைத்துக் கட்டிய கட்சிக் கொடித் தட்டி, கூடுதல் விளக்குகள், அலங்காரக் கம்பித் தடுப்பு ஆகியவையும் காற்றைத் தடுக்கின்றன. இவற்றைக் கழற்றிய பிறகு பழுதே இல்லாமல் போன வண்டிகள் உண்டு.

அதன்பின் கீழ் ஹோஸ். ஒருவர் ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்த, மற்றவர் கீழ் ஹோஸைக் கவனிக்க வேண்டும். பம்ப் இழுக்கும் வேகத்தில் ஹோஸ் சப்பென்று ஒட்டிக்கொண்டால் அதன் உட்சுவர் தளர்ந்துவிட்டது. வண்டி சும்மா நிற்கும்போது பார்த்தால் இது தெரியவே தெரியாது. கிளட்ச் வழுக்குவதும், ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருப்பதும் இஞ்சினுக்கு வீண்சுமை ஏற்றும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பழுது அங்கே இருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் மிஞ்சுபவை தெர்மோஸ்டாட் பாதி திறந்த நிலையில் சிக்குவது, ரேடியேட்டரின் உட்புறம் அடைபடுவது, வாட்டர் பம்பின் இறக்கைகள் அரிக்கப்படுவது ஆகியவை. இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் செல்ல வேண்டும். ரேடியேட்டரின் பல இடங்களிலும் வெப்பத்தை அளந்து, குளிர்ந்து கிடக்கும் திட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. சில இஞ்சின்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அந்த வண்டிகளில் பம்பை மாற்றும்போதே பெல்ட்டையும், பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிட்டால் இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டாம்.

பழுதே இல்லாத வண்டியும் மலையில் சூடேறுவதற்கு ஓட்டும் முறை காரணமாகலாம். மூன்றாவது கியரில் இஞ்சின் திணறத் திணற ஏற்றுவதைவிட, இரண்டாவது கியரில் சற்று வேகமாகச் சுழலவிட்டு ஏற்றினால் பம்பும் வேகமாகச் சுற்றிக் கூலன்ட்டைத் தள்ளும்.

அறிகுறி 3: வண்டிக்கு அடியில் ஈரம், அல்லது பானெட்டிலிருந்து ஆவி

முதலில் அது ஏசித் தண்ணீரா, கூலன்ட்டா என்று பிரித்தறிய வேண்டும். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமும் வழவழப்பும் இல்லாத சுத்தமான தண்ணீர். கூலன்ட்டுக்கு நிறமும் பிசுபிசுப்பும் ஒருவித இனிப்பு வாடையும் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கும் முன் கழுவிவிடவும்.

இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வைத்தால் காலையில் இடம் தெரிந்துவிடும். முன்பக்க நடுவில் என்றால் ரேடியேட்டர் அல்லது அதன் ஹோஸ். பெல்ட் உள்ள பக்கத்தில் என்றால் வாட்டர் பம்ப். வண்டிக்கு உள்ளே, முன் இருக்கைக் கால்மிதியடியில் என்றால் ஹீட்டர் கோர், அதாவது உள்ளே சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர். கசிவு ஆவியாகிக் காய்ந்துவிட்டாலும், ஹோஸ் இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்தது போன்ற கறை நிற்கும்.

மலிவானது கிளாம்ப். அதை இறுக்கியே பாதிக் கசிவுகளை நிறுத்திவிடலாம். ஹோஸ் முனையில் மட்டும் வெடித்திருந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டித் தற்காலிகமாக ஓட்டலாம். ஹோஸ் உப்பியோ கொழகொழவென்றோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். இன்றைய ரேடியேட்டர்களில் அலுமினிய மையத்தோடு இரு முனைகளிலும் பிளாஸ்டிக் தொட்டிகள் பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கான சூட்டில் நொறுங்கிக் கீறல் விடும். பசை பூசிப் பயனில்லை, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே கூலன்ட் வடிந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை அடைப்பவர்களையும் பார்க்க முடிகிறது. அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்ப் பம்பே இறுகிவிடும்.

கசிவை உள்ளிருந்தே அடைக்கும் பொடிகளும் திரவங்களும் கடைகளில் கிடைக்கின்றன. நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது தவிர அவற்றை ஊற்றாதீர்கள். அவை கசிவை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை, ஹீட்டர் கோரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கின்றன.

சிஎன்ஜி பொருத்திய கார் என்றால், எரிவாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசருக்குக் கூலன்ட் கொண்டுபோகும் கூடுதல் ஹோஸ்களையும் அவற்றின் இணைப்புகளையும் பாருங்கள். பின்னர் பொருத்திய கிட்களில் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ரெட்யூசரின் மேல் பனி படிந்திருந்தால், அதற்குப் போதிய கூலன்ட் போகவில்லை என்பது உறுதி.

அறிகுறி 4: வெளியே கசிவே இல்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது

கூலன்ட் டேங்கில் ஒரு கோடு கிழித்து வைத்து, வாரம் ஒருமுறை காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பல மாதங்களில் ஒரு விரற்கடை இறங்கினால் கவலை வேண்டாம். வாரந்தோறும் இறங்கினால் கீழுள்ள வரிசைப்படி தேட வேண்டும்.

மூடிதான் முதல் சந்தேகம். அதில் உள்ள ரப்பர் வெடித்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ இருந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் முன்கூட்டியே கொதித்து, வழிந்தோடும் குழாய் வழியாகச் சாலையில் சிந்திவிடும். விலை குறைவு; ஆனால் மூடியில் அச்சிட்டுள்ள அழுத்த அளவு பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் மூடியைப் போடக் கூடாது.

முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையாக ஆவி படிந்தால் ஹீட்டர் கோர். டீசல் வண்டியில், இஞ்சினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட் புகைக்குழாய் வழியே போய்விடும்; அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு. இதற்கு ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. குளிர்ந்த இஞ்சினை ஓடவிட்ட ஓரிரு நிமிடங்களிலேயே, வெப்பம் ஏறும் முன்பே, மேல் ஹோஸ் இறுகிவிடுகிறதா? டேங்கில் விடாமல் குமிழிகள் வருகின்றனவா? சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வருகிறதா? ஆயில் அளவுக் குச்சியில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது நுரை இருந்தால் பயப்பட வேண்டியதில்லை; மழைக்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் அது ஈரத்தால் வருவது.

இவற்றில் இரண்டு பொருந்தினால் வண்டியை ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பட்டறையில் ஹெட்டைக் கழற்றும் முன் பிரஷர் டெஸ்ட்டும், கூலன்ட்டில் இஞ்சினுள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நிறமாற்றச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பெட்ரோல் இஞ்சினில் அந்த நீலத் திரவம் மஞ்சளானால் கேஸ்கெட்டோ ஹெட்டோ பழுதுதான். ஹெட்டைக் கழற்றிய பிறகு, அது வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் மட்டம் பார்க்காமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடினால் அந்தச் செலவு வீண்.

அறிகுறி 5: வண்டியை எடுத்த சில நிமிடங்களிலேயே சூடேறுகிறது

அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம்; வேறு எதையும் கழற்றுவதற்கு முன் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். இல்லையென்றால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கும். இஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் இரு பெரிய ஹோஸ்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டுப் பொசுக்க, மற்றது குளிர்ந்து கிடந்தால் சந்தேகம் உறுதி.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை அடுப்பில் தண்ணீரில் போட்டுச் சூடாக்கலாம். அதன் மேல் 82, 88 என்பது போல் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த வெப்பத்தை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் புதிதாக வாங்க வேண்டியதுதான். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு’ என்று சொல்லி அதை இல்லாமலேயே மூடிவிடும் மெக்கானிக்கிடம் மறுத்துவிடுங்கள். சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் குறுக்குவழி எந்நேரமும் திறந்திருக்கும்; கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வந்து சூடு இன்னும் கூடும்.

அறிகுறி 6: முள் சரியாக இருக்கிறது, ஆனால் சிக்னலில் மட்டும் ஏசி குளிர்வதில்லை

அறிகுறி 1-இன் தொடக்க நிலை இது. ஏசி கண்டென்ஸரையும் குளிர்விப்பது அதே ஃபேன்தான். மேலும் பல கார்களில் இஞ்சின் வரம்பை நெருங்கிச் சூடானால் கணினியே ஏசி கம்ப்ரஸரை நிறுத்திவிடும். எனவே கேஸ் நிரப்பக் கொடுக்கும் முன் ஃபேனையும் கூலன்ட்டையும் பாருங்கள்.

அறிகுறி 7: முள் ஏறுவதே இல்லை, அல்லது ஃபேன் நிற்பதே இல்லை

முள் எப்போதும் அடியிலேயே கிடந்து மைலேஜும் குறைந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது முன்பு யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். சாவி போட்டதும் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் வெப்ப சென்சாரோ அதன் வயரோ பழுது. அளவு கிடைக்காதபோது இஞ்சினைக் காப்பாற்ற ஃபேனை ஓடவிடும்படி பல கணினிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்கேனர் வைத்த பட்டறையில் இது சில நிமிட வேலை.

பழுது நீக்கிய பிறகு

கூலன்ட்டின் நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை. வண்டிக் கையேட்டில் எந்த வகை குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையே போட வேண்டும். கலந்து விற்பதா, அடர்த்தியானதா என்று லேபிளில் பாருங்கள்; அடர்த்தியானதில் கையேட்டில் சொன்ன விகிதத்தில், பொதுவாகச் சரிபாதியாக, டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு, ஏனெனில் நின்றுகொண்டிருக்கும் வண்டியிலும் துருத் தடுப்பு மருந்து தீர்ந்துபோகும்.

நிரப்பும்போது ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, கூலன்ட் குமிழியில்லாமல் வரும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியை மாட்டிய பிறகு ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்கும் வரை இஞ்சினை ஓடவிடுங்கள். மறுநாள் காலை அளவு சற்று இறங்கியிருந்தால் மேல்கோடு வரை நிரப்பி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் அறிகுறி 4-இலிருந்து தொடங்க வேண்டும்.